புத்தகத்தில் எழுதாத சத்தம்

ஐம்பத்தைந்தாம் வருசம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. சொறிக்கல்முனைச் சுவாம்பிள்ளை வாய்க்கால் கரைக்கட்டின் நடுவில் வந்து நின்று, எதிரே வந்த மோட்டார் சைக்கிளின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். வண்டியில் இருந்தவர் வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் வட்டவிதானை முனாப். பிடியை விடச் சொல்லி அவர் போட்ட சத்தம் எஞ்சின் சத்தத்தில் சுவாம்பிள்ளைக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டார்.

“நிப்பாட்டுங்க விதானையார். இண்டைக்கு நான் கதைக்கிறத நீங்க கேக்கத்தான் வேணும்.”

முனாப் எஞ்சினை நிறுத்தினார். சுவாம்பிள்ளை இடுப்பில் செருகியிருந்த ஒரு நெற்பயிரை எடுத்து நீட்டினார். வேரோடு பிடுங்கிய பயிர். இலை சுருண்டு கிடந்தது. வேரில் ஒட்டியிருந்த மண் தூசியாக உதிர்ந்தது. தண்டின் நடுவில் மட்டும் சின்னதாக ஒரு புடைப்பு.

“குடலைப் பயிர். கதிர் உள்ளுக்க கிடக்கு. பத்து நாளைக்குள்ள தண்ணி வரல்லையெண்டா உள்ளுக்கயே செத்துப் போகும். முப்பத்தாறு குடும்பம் இந்தப் போகத்த நம்பித்தான் இருக்கு.”

“நேத்து உங்கட முறைதானே அண்ணன்? சுபஹு தொழுத கையோட மதகத் திறந்தவன் நான். மூணு தரம் வாய்க்கால் முழுக்க ஓடிப் பாத்தன். எல்லா இடத்திலயும் தண்ணி நிறைஞ்சு ஓடிச்சி.”

“நீங்க பாக்கக்குள்ள ஓடியிருக்கும். எங்களுக்கு வந்து சேரல்ல. நாலு கிழமையா இதான் கதை.” சுவாம்பிள்ளை கைப்பிடியை விட்டார். “சனங்கள் என்ன சொல்லுது தெரியுமா? தண்ணிய விதானையார்ர வயல்தான் குடிக்குதாம்.”

முனாப்புக்குக் காது வரைக்கும் சூடேறியது. கைநீட்டி வாங்கும் விதானைகளைப் பற்றிப் பல கதைகள் ஊரில் உலவின. ஆனால் முனாப்பைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த ஒரு பெருமையில்தான் மனிதர் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.

“நாளைக்கில்ல, அடுத்த ஞாயிறு வட்டைக் கூட்டம் இரிக்கி. கூட்டம் முடிஞ்ச கையோட பள்ளிவாசலுக்குள்ள போய்ச் சத்தியம் பண்றன். களவுத் தண்ணியில எனக்குப் பங்கில்ல எண்டு. போதுமா?”

“பண்ணுங்க. நாங்க வெளியில நிண்டு கேக்கிறம்.”

கோபம் வந்தால் முந்திக்கொண்டு வாக்குக் கொடுத்துவிடுவது முனாப்பின் பழைய வியாதி. அன்றைக்கும் அது தப்பாமல் வந்தது.

இலுப்பையடி வட்டை என்பது சம்மாந்துறைப் பக்கம் மதகில் தொடங்கி, ஆறு மைல் வாய்க்காலோடு இறங்கி, சொறிக்கல்முனையில் முடிகிற வயல்வெளி. மேலே முஸ்லிம்களின் வயல்கள், கடைசியில் தமிழர்களின் வயல்கள். சின்னப்போகத்தில் மழை இல்லை, குளத்துத் தண்ணீரை நாள் பிரித்துத்தான் விட வேண்டும். வெள்ளிக்கிழமை முழுவதும் கடைசி வயல்களின் முறை. மேலே உள்ளவர்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போகிற நாள், அன்றைக்கு வாய்க்காலில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று முன்னோர் செய்த ஏற்பாடு அது. தண்ணீர் ஓடும் நாளில் வட்டவிதானையைத் தவிர வேறு எவரும் கட்டில் நடக்கக் கூடாது, அவரவர் தன் வயலுக்குள் மட்டும் நிற்கலாம் என்றும் ஒரு சட்டம் இருந்தது. ஒரு காலத்தில் மண்வெட்டிச் சண்டையில் ஒருவருடைய கை போனதால் வந்த சட்டம். ஆகவே தண்ணீர் எங்கே காணாமல் போனாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் முனாப் ஒருவர்தான்.

அவர் பிறந்தது சம்மாந்துறையில். கல்முனையில் கலியாணம் முடித்து, அங்கத்தைய வழக்கப்படி மனைவி ஸம்ஸியாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வது அந்தக் கரையின் முறை. மாமனார் மீராசாஹிபுப் போடியார் பெரிய வயல்காரர்; வீட்டோடு எட்டு ஏக்கர் வயலையும் சீதனமாக எழுதினார். வாய்க்காலின் நடுவில், பெரிய வளைவுக்குப் பின்னால் இருந்தது அந்த வயல். காணி மருமகன் பேரில் பதிவாகியிருந்தாலும், இளைய மகள் றபீக்காவுக்கு வீடு கட்டி முடிக்கும்வரை விளைச்சல் போடியாருக்கு என்று வாய்ப்பேச்சு. முனாப் அதில் ஒரு குறையும் காணவில்லை.

வட்டவிதானையாகத் தெரிவான முதல் வருசம் அவர் நடந்து திரிந்தார். ஆறு மைல் போக, ஆறு மைல் வர. கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். போடியாருக்கு மனம் பொறுக்கவில்லை போலும். “என்ட மருமகன் சேத்துக்க நடந்து வாறது எனக்கு மரியாதையா?” என்று நாலு பேர் கேட்கச் சொல்லி, கல்முனைக்கு அந்த மோட்டார் சைக்கிளை இறக்கினார்.

டாங்கியில் இங்கிலீசில் கம்பனிப் பெயர் எழுதியிருந்தது. அதை ஊரில் யாரும் சொன்னதில்லை, நூற்றிருபத்தைந்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கூட வந்த சின்னப் புத்தகத்தைக் கல்முனையில் கராஜ் வைத்திருந்த மெதடிஸ்த நேசராசா வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்ல, முனாப் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு கொப்பி தேவைப்படவில்லை. எஞ்சின் நூற்றிருபத்தைந்து சிசி, நாலரைக் குதிரைவலு. கியர் மூன்று. நிறை நூற்றெழுபது றாத்தல். டாங்கி கொள்வது ஒன்றே முக்கால் கலன், இருபது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். ஒரு கலனுக்கு நூற்றிருபது மைல் என்று புத்தகம் சொன்னது. வயல்கட்டில் தொண்ணூறுக்கு மேல் கிடைக்கவில்லை என்று முனாப் சொல்லுவார், கம்பனிக்காரனை மன்னித்துவிட்ட தோரணையில்.

வயலுக்கு ஏற்ற மாதிரி நேசராசா அதை மாற்றியும் கொடுத்தார். பின் சில்லின் பல்சக்கரத்தில் நாற்பத்தேழு பல் இருந்தது, அதைக் கழற்றி ஐம்பத்தெட்டுப் பல் போட்டார். நாற்பத்தைந்து மைல் வேகம் முப்பத்தாறாகக் குறைந்தது, ஆனால் முதல் கியரில் வழுக்குகிற கட்டின் மேலும் மூச்சு வாங்காமல் ஏறியது. பின்னால் தடித்த டயர். எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவில் நாலே முக்கால் அங்குலம்தான், ஆகவே அடியில் ஒரு இரும்புத் தகடு. வாய்க்கால் தண்ணீர் வயலுக்குத் திரும்பும் வக்கடைகளைக் கடக்கும்போது புகைக்குழாய்க்குள் தண்ணீர் ஏறாமல் இருக்க, குழாயைச் சீற்றுக்குப் பக்கத்தில் உயர்த்திக் கட்டினார். அந்த இடத்தில் கம்பனியின் நீளச் சைலன்சர் கொள்ளாது. அதைக் கழற்றிவிட்டு ஒரு சாண் நீளத்தில் தகரக் குழாய் வைத்தார். அதன்பிறகு முழங்கால் அளவு தண்ணீரிலும் வண்டி நிற்கவில்லை. ஓட முடியாத இடத்தில் முனாப் இறங்கி, முன் சில்லைத் தூக்கி அடுத்த வரம்பில் வைத்து, பின்னாலிருந்து தள்ளிவிடுவார். நூற்றெழுபது றாத்தல்தானே.

இவ்வளவு கெட்டிக்கார வண்டி இருந்தும் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாதது அவரைத் தின்றது. ஞாயிறும் திங்களும் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிய ஒரு முறை, பத்து மணிக்கு ஒரு முறை, ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்கு ஒரு முறை ஓடிப் பார்த்தவர் அவர்தான். ஒரு இடத்திலும் தடுப்பு இல்லை, ஒரு வக்கடையும் திறந்திருக்கவில்லை. வாய்க்கால் உடைந்து மண்ணுக்குள் போகிறதோ என்று செவ்வாய்க்கிழமை ஆறு மைலும் தடவிப் பார்த்தார். இல்லை.

புதன்கிழமை பின்னேரம் முன் சில்லில் காற்றுப் போய் நேசராசாவின் கராஜுக்குப் போனார். அவர் போய்ச் சேரும்போதே நேசராசா பஞ்சர் ஒட்டும் சாமான்களை வெளியே எடுத்து வைத்திருந்தார்.

“நான் வாறது எப்பிடித் தெரியும்?”

“இதென்ன கேள்வி விதானையார்? நீங்க அங்க சந்தியால திரும்பக்குள்ளயே தெரியும். இந்தச் சத்தம் வேற எந்த வண்டிக்கு இருக்கு?”

முனாப் சிரித்தார். சிரித்துக்கொண்டே மர வாங்கில் உட்கார்ந்தார். பிறகு சிரிப்பு நின்றது.

இரண்டு வருசமாக அந்த வண்டியின் மேல் ஏறி இருந்தவர் அவர் ஒருவரே. இறங்கித் தூரத்தில் நின்று அதன் சத்தத்தைக் கேட்காதவரும் அந்த வட்டையில் அவர் ஒருவரே. பஞ்சர் ஒட்டிய கையோடு நேசராசாவைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கட்டுக்குப் போனார். நீ மதகடிக்குப் போய் அங்கிருந்து வழக்கமான வேகத்தில் ஓட்டி வா என்று அனுப்பிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

கச்சான் காற்று மதகுப் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் முதலில் வந்தது, வண்டி வரவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது. தூரத்து வயலில் நின்ற கொக்குகள் எழும்பின. நாலு, ஐந்து. எட்டாவது நிமிடத்தில்தான் வண்டி வளைவில் தெரிந்தது. கட்டில் மணிக்குப் பதினைந்து மைல் வேகம், அப்படியென்றால் இரண்டு மைலுக்கு அங்காலேயே அவர் வருகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். வாய்க்காலுக்குக் குறுக்கே செருகிய பலகையைப் பிடுங்கி வைக்கோலுக்குள் ஒளிக்க இரண்டு நிமிடம் போதும். மிச்ச ஆறு நிமிடத்தில் வெற்றிலையும் போட்டுக்கொள்ளலாம். அவர் கடந்து போன பிறகு பலகையைத் திரும்பச் செருக வேண்டியதுதான்.

அவமானத்தில் முனாப்புக்குக் கண் கலங்கியது. நடந்து திரிந்த காலத்தில் அவர் எப்போது எங்கே வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது தன்னுடைய வருகையைத் தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“எல்லாத்துக்கும் இலக்கம் போட்ட புத்தகம், சத்தத்துக்கு ஏன் போடல்ல?” என்று கேட்டார்.

“விக்கிறவன் அதுக்கு இலக்கம் போடுவானா?” என்றார் நேசராசா. “நான் போன வருசமே உயரக் கட்டுறத்துக்கு ஏத்த மாதிரி ஒரு நல்ல சைலன்சர் செய்து வைச்சனான். உங்கட மாமாதான் வந்து, வேணாம், சத்தம் இருக்கட்டும், போடியார்ர மருமகன் வாறது நாலு பேருக்குத் தெரியட்டும் எண்டார்.”

அதை முனாப் மாமாவின் பெருமைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். அப்போது அவர் மனம் முழுக்க வெள்ளிக்கிழமையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய மதகைத் திறந்தார். வழக்கம் போல ஓடினார். பதினொரு மணிக்குச் சம்மாந்துறை றோட்டுக்கு ஏறும் இடத்தில் நேசராசா காத்திருந்தார். முனாப் தன் கோட்டையும் தொப்பியையும் கழற்றிக் கொடுத்தார்.

“மெதுவாப் போய்க் கட்டச் சுத்திட்டு மறுகா றோட்டுக்கு ஏறு. கல்முனை வரைக்கும் போ. மூணு மணிக்கு முந்தித் திரும்பாத.”

“தொப்பி எனக்குப் பெரிசு விதானையார்.”

“தொப்பிய ஆரும் பாக்க மாட்டாங்க. சத்தத்தத்தான் கேப்பாங்க.”

நேசராசா புறப்பட, முனாப் குறுக்கு வரம்புகளால் குனிந்து நடந்து, பெரிய வளைவுக்குப் பக்கத்தில் பன் புல் வளர்ந்து கிடந்த சதுப்புக்குள் இறங்கினார். வளைவுக்கு அங்கால் ஒன்றும் தெரியாது, அங்கேதான் கள்ளன் இருப்பான் என்று கணக்குப் போட்டிருந்தார். வளைவில் இருந்தது யாருடைய வயல் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அந்த நினைப்பைத்தான் காலையிலிருந்து பக்கத்தில் வர விடாமல் தள்ளிக்கொண்டிருந்தார். இடுப்பு வரைக்கும் தண்ணீர். அட்டைகள் ஏறுவது தெரிந்தும் அசையவில்லை.

முனாப்பின் வயல் வக்கடையில் காலிதீன் குந்தியிருந்தான். போடியாரின் முல்லைக்காரன், வயலைப் பொறுப்பாகப் பார்க்கிறவன். அவனுடைய காலடியில் ஒரு முதிரைப் பலகை. அவன் மட்டும் என்று இருக்க வேண்டும் அல்லாவே, அவனுடைய சொந்தக் களவாக இருக்க வேண்டும் என்று முனாப்பின் மனம் கெஞ்சியது. அப்போது மாட்டுக் கரத்தையின் சத்தம் கேட்டது. ஜும்ஆவுக்கு வெளிக்கிட்ட வெள்ளைச் சாரனும் சேட்டுமாக மீராசாஹிபுப் போடியார் இறங்கி, குடையை ஊன்றி நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

தூரத்தில் நூற்றிருபத்தைந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் கியர். கட்டின் முடிவில் ஒரு தடுமாற்றம். பிறகு மூன்றாம் கியருக்கு விழுந்து, சத்தம் ஒரே சீராக நீண்டது.

“இப்ப றோட்டுக்கு ஏறிட்டார்,” என்றார் போடியார். “போடு.”

காலிதீன் பலகையை வாய்க்காலுக்குக் குறுக்கே செருகி, வக்கடையைத் திறந்தான். சொறிக்கல்முனைக்குப் போக வேண்டிய தண்ணீர் திரும்பி எட்டு ஏக்கருக்குள் இறங்கியது. முனாப் பன்னுக்குள்ளிருந்து எழும்பி நின்றார்.

காலிதீன் மண்வெட்டியைக் கீழே விட்டான். போடியார் முதலில் றோட்டுப் பக்கம் பார்த்தார், சத்தம் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. பிறகு முனாப்பைப் பார்த்தார். திரும்பவும் றோட்டைப் பார்த்தார்.

“அப்ப அங்க போறது ஆரு?”

“நேசராசா, மாமா.”

போடியார் லேசான ஆள் இல்லை. இரண்டு மூச்சுக்குள் முகம் பழையபடி ஆனது. “வாங்க மகன், ஜும்ஆக்கு நேரமாகுது. கரத்தையில ஏறுங்க.”

“எத்தின கிழமையா நடக்குது?”

“றபீக்காட வீட்டுக்குக் கூரை போடணும். மாப்பிள்ள வீட்டார் மாசியில நாள் குறிச்சிட்டாங்க. எட்டு ஏக்கரும் நிறைய விளைஞ்சாத்தான் அந்தக் கூரை.”

“அங்க முப்பத்தாறு குடும்பத்துப் பயிர் சாகுது மாமா.”

“அவங்களுக்கு மாரிப்போகம் வரும். என்ட மகளுக்கு இன்னொரு மாப்பிள்ள வருமா?” போடியார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “ஞாயிறு சத்தியத்த யோசிக்கிறீங்க போல. நீங்க கட்டல்ல, கட்டச் சொல்லவும் இல்ல. களவுத் தண்ணியில எனக்குப் பங்கில்ல எண்டு பள்ளியில சொல்லுங்க. விளைச்சல் எனக்குத்தானே வருது. நீங்க சொல்றது பொய்யாகாது.”

“வண்டிய வாங்கித் தந்ததும் இதுக்குத்தானா?”

போடியார் கரத்தைப் பக்கம் திரும்பினார். “காட்டிக் குடுக்கிறதெண்டா குடுங்க. ஆர்ர பேர எழுதுவீங்க? காணி உங்கட பேரில. பதிவில செய்கைக்காரன் நீங்க. நான் ஆரு? இந்தப் பக்கத்தால பள்ளிக்குப் போன ஒரு மனிசன்.”

அது உண்மைதான். களவுத் தண்ணீர் எந்த வயலுக்குப் போனதோ அந்த வயல்காரன்தான் கள்ளன் என்பது வட்டைச் சட்டம். பலகையைத் தூக்கியது யாருடைய கை என்று சட்டம் கேட்பதில்லை.

முனாப் வாய்க்காலுக்குள் இறங்கிப் பலகையைப் பிடுங்கிக் கட்டில் எறிந்தார். வக்கடையை மண் போட்டு அடைத்தார். கரத்தை போய்விட்டது. அன்றைக்குத்தான் அறிவு தெரிந்த பிறகு முதன்முறையாக அவருக்கு ஜும்ஆ தவறியது. வரம்பில் நின்று தனியாக ளுஹர் தொழுதார். தொழுகையில் மனம் நிற்கவில்லை. மாமா இப்போது முதல் வரிசையில் நிற்பார், பக்கத்தில் என்னுடைய இடம் வெறுமையாக இருக்கும் என்றே ஓடியது.

மஃரிப் தொழுதுவிட்டு வந்து ஸம்ஸியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பிள்ளைகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தவள், கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் இருந்தாள்.

“வாப்பாவக் காட்டிக் குடுப்பீங்களா மச்சான்?”

“உன்ட வாப்பாட பேர் வராது. என்ட பேர்தான் வரும்.”

“விதானை வேலை போகும்.”

“ஓம்.”

“நம்மட முறைத் தண்ணி மூணு தண்டமா அவங்களுக்குப் போகும். வயல் காயும்.”

“ஓம்.”

“றபீக்காட வீட்டு வேலை நிண்டு போகும்.”

அதற்கு முனாப் ஓம் சொல்லவில்லை. அடுத்த வளவில்தான் அந்த அரைகுறை வீடு நின்றது. கூரை இல்லாத சுவர்கள் அவர்கள் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தன.

“சத்தியம் பண்ணினா ஒண்டும் போகாது,” என்றாள் ஸம்ஸியா.

“ஒண்டும் போகாது.”

அவள் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “பண்ணாதீங்க. பண்ணிட்டு வந்தா, பொய் சொல்லாதீங்க எண்டு இந்தப் பிள்ளைகளுக்கு எந்த வாயால சொல்ற?” என்றாள். முனாப்புக்கு அன்றைக்கு அவளைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிடுகிற ஆள் இல்லையாதலால் சும்மா இருந்தார்.

ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து சொறிக்கல்முனைக்காரர் வந்து சேர்ந்த பிறகு மதகடியில் கூட்டம் கூடியது. அறுபது பேர் இருக்கும். போடியாருக்கு மட்டும் கதிரை. முனாப்பைப் பார்த்துப் போடியார் தலையை அசைத்தார், எல்லாம் சரியாகிவிட்டது என்பது போல.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொஞ்சம் தண்ணீர் வந்தது, பாதி வயலுக்குத்தான் காணும், மிச்சப் பாதி இன்னும் நாலு நாள் தாங்காது என்று சுவாம்பிள்ளை சொன்னார். பிறகு நேராகக் கேட்டார். “வாங்க விதானையார். பள்ளிக்குப் போவம்.”

“பள்ளிக்குப் போகத் தேவையில்ல,” என்றார் முனாப். “தண்ணி என்ட வயலுக்குத்தான் போன. அஞ்சு வெள்ளிக்கிழமை போயிரிக்கி. எழுதுங்க.”

இதைக் கேட்கத்தானே சுவாம்பிள்ளை வந்தார், ஆனால் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. முனாப்பை விட்டுவிட்டு அவர் கண் போடியாரின் கதிரையைத் தேடிப் போனது.

“நீங்களா கட்டினீங்க?”

“வயல் என்ட.”

“நான் கேட்டது அது இல்ல. பலகையப் போட்டது ஆரு?”

“காணி என்ட பேரில. என்ட பேர எழுதுங்க அண்ணன்.”

இப்போது அறுபது பேரும் கதிரையைத்தான் பார்த்தார்கள். போடியார் குடைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். முனாப் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றார், வாய்விட்டுக் கேட்கவில்லை. அது வரவில்லை.

எழுதினார்கள். வட்டவிதானைப் பதவி போனது. முனாப்பின் வயலுக்குரிய மூன்று முறைத் தண்ணீர் சொறிக்கல்முனை வயல்களுக்கு என்று தீர்ந்தது. முதலாவது முறை வருகிற செவ்வாய்.

பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடலாம். றபீக்காவின் கலியாணம் ஒரு வருசம் தள்ளிப்போய், அதே மாப்பிள்ளையோடு நடந்தது. போடியார் பள்ளியில் தன் வரிசையை மாற்றிக்கொண்டார், மௌத்தாகும் வரை மருமகனுக்குப் பக்கத்தில் நின்று தொழவில்லை. நூற்றிருபத்தைந்துக்கு முனாப் நேசராசாவின் நல்ல சைலன்சரைப் பூட்டினார். சத்தம் பாதியாகியது, கூடவே இழுவையும் குறைந்து, கட்டில் ஏறும்போது அவரே இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. கடைசியில் அதை ஒரு மீன் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். அவர் திரும்ப விதானையாகவில்லை. சொறிக்கல்முனையில் மட்டும், அவருக்குத் தாடி வெளுத்த காலத்திலும் விதானையார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை இதெல்லாம் யாருக்குத் தெரியும்? புது விதானை இன்னும் தெரிவாகவில்லை. மதகைத் திறந்து விட ஆள் இருந்தது, ஆறு மைலுக்குக் காவல் நிற்க ஆள் இல்லை. கட்டில் நடக்கச் சொறிக்கல்முனைக்காரருக்கு உரிமை இல்லை, முனாப்புக்கும் இப்போது இல்லை. அவருக்கு மிஞ்சியிருந்த உரிமை ஒன்றே ஒன்று.

கிழக்கு வெளுக்கும் வெள்ளாப்பிலேயே நடந்து போய்த் தன் வயலுக்குள் இறங்கி, வக்கடை வாயில் மண்வெட்டியோடு நின்றார். பின்னால் எட்டு ஏக்கரும் குடலையில் நின்றது. போன செவ்வாய் விட்ட தண்ணீர் வற்றி, வரம்போரத்தில் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஏழு மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நிறைந்து, கலங்கி, அவருடைய முழங்காலை உரசிக்கொண்டு கீழே போனது.

எட்டு மணிக்குப் போடியார் வந்தார். காலிதீன் பலகையோடு பின்னால் வந்தான். முனாப்பைக் கண்டதும் இருவரும் நின்றார்கள்.

“விலகுங்க மகன்,” என்றார் போடியார். “இண்டைக்கு நம்மட முறை. எழுதினதெல்லாம் கடதாசி. பாக்கிறத்துக்கு இப்ப விதானையும் இல்ல.”

முனாப் விலகவில்லை. மண்வெட்டிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

போடியாரின் குரல் உடைந்தது. “பயிரப் பாருங்க. இது உங்கட வயல் மகன்.”

“ஓம் மாமா,” என்றார் முனாப். “அதாலதான் நான் நிக்கிறன்.”

போடியார் திரும்பி நடந்தார், காலிதீன் பலகையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனான். முனாப் பின்னேரம் வரைக்கும் தண்ணீருக்குள்ளேயே நின்றார். அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, சுவாம்பிள்ளையின் கடைசி வயலில் தண்ணீர் ஏறியது.